புகையிலிருந்து கார்பனைப் பிடிக்கும் அமினோ அமிலம்: எப்படி? எவ்வளவு?

கார்பனைப் பிடித்துப் பயன்படுத்தும் ஆய்வுக்காக 2022-ல் மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை இரண்டு தேசிய மையங்களை அறிவித்தது. ஒன்று ஐஐடி பாம்பே. இன்னொன்று பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம். உலக அளவில் இந்தத் துறையில் அடிபடும் ஒரு பெயர், அமினோ அமிலம். ஆமாம், உங்க புரோட்டீன் பவுடர் டப்பாவில் இருக்கிற அதேதான்.

எப்படி வேலை செய்கிறது?

நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 12-14% தான். அதை மட்டும் பிரிக்கணும். உயரமான கோபுரத்தில் புகை கீழிருந்து ஏறும், மேலிருந்து திரவம் வழியும். திரவத்தில் உள்ள அமைன் என்ற நைட்ரஜன் பகுதி கார்பன் டை ஆக்சைடைப் பற்றிக்கொள்ளும். பிறகு சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு பிரிந்துவிடும், திரவம் மறுபடி கோபுரத்துக்குப் போகும். இதற்கு அமெரிக்காவில் 1930-லேயே காப்புரிமை கிடைத்துவிட்டது.

அமினோ அமிலம் எதற்கு?

வழக்கமாகப் பயன்படுவது மோனோ எத்தனால் அமைன். அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், ஆக்சிஜன் பட்டால் சிதையும், இரும்பை அரிக்கும். கிளைசின் போன்ற அமினோ அமிலத்தைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு சேர்த்தால் உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, நச்சுத்தன்மையும் குறைவு. ஆனால் வாயு நிறைய ஏறினால் திரவத்தில் படிகம் படிந்து, கருவியை அடைக்கலாம்.

செலவு எங்கே?

சூடாக்குவதில்தான். மோனோ எத்தனால் அமைனில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க ஏறத்தாழ 3.5 ஜிகாஜூல் வெப்பம் வேண்டும். பெங்களூரு அபார்ட்மெண்ட்டுக்கு வரும் 12,000 லிட்டர் டேங்கர் தண்ணீர் முழுவதையும் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது. அமினோ அமிலத்துக்கு மாறினாலும் இந்த வெப்பச் செலவு காணாமல் போகாது.

தூத்துக்குடி சொல்லும் கணக்கு

நம்ம ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஐஐடி கரக்பூரில் படித்த இருவர் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் திரவம், 2016-ல் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் நிலக்கரி பாய்லரில் பயன்பாட்டுக்கு வந்தது. அது அமினோ அமிலம் அல்ல, அமைனும் உப்பும் கலந்த கரைசல். இலக்கு, ஆண்டுக்கு 60,000 டன். பிடித்த வாயு சோடா உப்பு தயாரிக்கப் போனது.

இப்போ ஒப்பிட்டுப் பாருங்க. அதே ஊரில் உள்ள 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் முழுத் திறனில் ஓடினால், யூனிட்டுக்கு சுமார் 1 கிலோ என்ற கணக்கில், அந்த 60,000 டன்னை இரண்டரை நாளில் வெளியேற்றிவிடும். சோடா உப்பு கண்ணாடி ஆலைக்குப் போனால், உருக்கும்போது அந்த வாயு திரும்பக் காற்றில் கலக்கும்.

அப்போ வீணா?

இல்லை. மின்சாரத்துக்குச் சூரியசக்தி இருக்கிறது. சிமெண்ட்டில் சுண்ணாம்புக்கல்லே கார்பன் டை ஆக்சைடை விடுகிறது. எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. அங்கேதான் இந்தத் திரவங்களுக்கு உண்மையான வேலை. அடுத்த முறை ‘கார்பன் பிடிப்பு’ செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்க: எத்தனை டன்? வெப்பம் எங்கிருந்து வருது? பிடித்த வாயு கடைசியில் எங்கே போகுது?