உங்களுக்குத் தெரியுமா? பண்டிகை விளம்பரம் பார்த்து அழும் ஊர்கள்

பிரிட்டனில் நவம்பர் பிறந்ததும் பலர் ஆவலோடு காத்திருப்பது, ஜான் லூயிஸ் என்ற கடையின் கிறிஸ்துமஸ் டிவி விளம்பரத்துக்கு. 2011-இல் வந்ததில் ஒரு சிறுவன் பண்டிகை வராதா என்று தவியாய்த் தவிக்கிறான். பரிசுக்குத்தான் இந்த அவசரம் என்று நினைப்போம். அந்த நாள் விடிந்ததும், தனக்கு வந்த பொட்டலங்களைத் தொடாமல் தாண்டிப்போய், அலமாரியில் ஒளித்து வைத்த பரிசை அப்பா அம்மாவிடம் நீட்டுகிறான்!

இந்தக் கடையின் பண்டிகை விளம்பரங்கள் விலை, தள்ளுபடி எதுவும் பேசுவதில்லை. பெரும்பாலும் தெரிந்த பாட்டு ஒன்றை வேகம் குறைத்து, மென்மையான குரலில் பாடவைப்பார்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். 2013 விளம்பரத்துக்காக லில்லி ஆலன் பாடியது பிரிட்டனின் பாடல் பட்டியலில் முதலிடமே பிடித்தது.

2015-இல் ஜெர்மனியின் எடேகா சூப்பர்மார்க்கெட் இன்னும் ஆழமாகக் கை வைத்தது. பிள்ளைகள் எட்டிப் பார்க்காத ஒரு முதியவர், தான் இறந்துவிட்டதாகச் செய்தி அனுப்புகிறார். கறுப்பு உடையில் அழுதுகொண்டு வந்தவர்களுக்கு விருந்து தயாராக இருக்கிறது. அவரும் உயிரோடு நிற்கிறார். சாவைச் சொல்லிக் கடைக்கு ஆள் சேர்ப்பது அத்துமீறல் என்றே எனக்குப் படுகிறது. அதே ஆண்டு ஜான் லூயிஸ் நிலாவில் தனித்திருக்கும் ஒரு தாத்தாவைக் காட்டியது. அதில் முதியோருக்கான ஏஜ் யுகே தொண்டு நிறுவனத்துடன் கைகோத்து, அவர்களுக்கு நிதியும் திரட்டியது. எனக்குப் பிடித்தது இதுதான்.