பிழையும் ஓர் ஆசிரியர்



பட்டர்வொர்த்தை அடுத்த மாக் மண்டினில் தொழிற்பேட்டையும் உண்டு, தமிழ்ப்பள்ளியும் உண்டு. இன்று தொழிற்சாலை இயந்திரங்கள் பலவற்றை இயக்குவது கணினி. அதற்குக் கட்டளைகளை வரிசையாக எழுதித் தருவதே நிரலாக்கம். 2017-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் முதல் படிவத்திலேயே கணினி அறிவியலின் அடிப்படை ஒரு விருப்பப் பாடமாகத் தொடங்கப்பட்டது.

இதைப் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதலில் சந்திப்பது பிழையைத்தான். "எனக்கு இது வராது" என்று சிலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். 1949-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி அமைத்த மோரிஸ் வில்க்ஸ் என்ற அறிஞரே, தம் எஞ்சிய வாழ்நாளில் நல்லதொரு பகுதி தம்முடைய பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்று உணர்ந்தாராம்! ஆகவே பிழை வருவது மூளைக் குறைவன்று.

பால்மரம் வெட்டப் பழகிய நாளை நினைத்துப் பாருங்கள். வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று முதலில் பார்த்தோம். வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்காமல் கவனித்தோம். அடுத்த முறை அதே மரத்துக்கு வந்தபோது, பட்டையிலிருந்த காயத்தைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொண்டோம். திட்டமிடுதல், கவனித்தல், திரும்பிப் பார்த்தல் ஆகிய இம்மூன்றும் நிரலாக்கத்துக்கும் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 1 முதல் 10 வரை கூட்டினால் 55 வர வேண்டும். பிள்ளை எழுதிய நிரல் 45 என்கிறது. உடனே எல்லாவற்றையும் அழிக்கக் கூடாது. 1 முதல் 3 வரை மட்டும் கூட்டச் சொல்லிப் பார்க்கட்டும். 6 வருவதற்குப் பதில் 3 வந்தால், கடைசி எண் விடுபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

இருவர் சேர்ந்து படிப்பதும் நல்லதே. ஆனால், தெரிந்தவனே எல்லாவற்றையும் தட்டச்சு செய்தால் மற்றவன் வேடிக்கை பார்ப்பான். ஒருவர் தட்ட, மற்றவர் வரிக்கு வரி கவனிக்க, சிறிது நேரத்தில் இடம் மாற வேண்டும். எதைச் செய்கிறோம், எங்கே சிக்கினோம், எப்போது ஆசிரியரைக் கேட்பது என்பதை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பெற்றோர்களே, உங்களுக்குக் கணினி தெரிய வேண்டியதில்லை. இரவு சாப்பாட்டின்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இன்று என்ன செய்ய நினைத்தாய்? எங்கே தடைப்பட்டாய்? நாளை எதை மாற்றிப் பார்ப்பாய்?

பதில் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. சொல்லும்போதே பிள்ளைக்குப் புரியத் தொடங்கும்.