தடுப்பூசியின் பலன் யாருக்கு?

எந்தச் சரக்கை எடுத்தாலும் இதில் லாபம் யாருக்கு என்று கணக்குப் பார்ப்பது வியாபாரிகளாகிய நமது வழக்கம். தடுப்பூசி விஷயத்திலும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான், ஊசி எதற்கு?" என்கிறார் ஒருவர். "ஊரார் எல்லோரும் போட்டாயிற்று, நாம் போடாவிட்டால் என்ன?" என்கிறார் இன்னொருவர். இரண்டுக்கும் பதில் இருக்கிறது.

முதலில் ரண ஜன்னியை எடுத்துக்கொள்வோம். இதன் கிருமி மண்ணிலும் தூசியிலும் இருக்கிறது. காயத்தின் வழியாக உடம்பில் நுழைகிறது. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை. ஆகவே ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாதவருக்குப் பாதுகாப்பு இல்லை. மூட்டை இறக்கும்போது காலில் ஆணி குத்தினால், அந்தத் தொழிலாளி தான் போட்டுக்கொண்ட ஊசிதான் அவருக்குத் துணை. கர்ப்பிணிப் பெண் போட்டுக்கொண்டால் மட்டும் பிறக்கும் குழந்தைக்கும் பலன் உண்டு. இந்த ஊசியாலும் சுத்தமான பிரசவ முறையாலும், பச்சிளம் குழந்தைகளின் ரண ஜன்னி நம் நாட்டில் கட்டுக்குள் வந்துவிட்டதை 2015இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

மணல்வாரி என்று நாம் சொல்லும் தட்டம்மையின் கதை வேறு. இது காற்றில் பரவுவது. நோயாளி இருமிவிட்டுப் போன மூடிய அறையில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். இதற்கான முதல் ஊசியே ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான் போடப்படுகிறது. அதற்கும் சிறிய கைக்குழந்தையைக் காப்பது யார்? சுற்றியிருப்பவர்கள் போட்டிருக்கும் ஊசிதான். இதற்கு நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும். "ஊரார் போட்டாயிற்று" என்று பத்துப் பேர் ஒதுங்கினால் 90தான் மிஞ்சும். அந்த இடைவெளியில் நோய் புகுந்துவிடும்.

ரூபெல்லாவில் பலன் இன்னும் தள்ளிப் போகிறது. குழந்தைகளுக்கு இது சாதாரணக் காய்ச்சல்போல் வந்து போய்விடும். ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இருதயக் கோளாறு ஏற்படலாம். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தொடங்கினார்கள். அப்போது வாட்ஸ்அப் வதந்தியால் பல பெற்றோர் பயந்தார்கள். ஆண் பிள்ளைக்கு எதற்கு என்றும் கேட்டார்கள். வீட்டிலிருக்கும் கர்ப்பிணிக்கு நோயைக் கொண்டுவருவதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை.

போட்டுக்கொள்ளாத தலைமுறைக்கும் பலன் சேர்ந்தது உண்டு. உலகில் பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். அந்த ஊசியே இன்று நம் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. இயற்கையாகப் பரவும் கிருமியால் வரும் இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் 2011 ஜனவரிக்குப் பிறகு இல்லை. ஆனால் வெளிநாடுகளில் அது இன்னும் இருப்பதால் சொட்டு மருந்தை விட முடியாது.

ஊசி போட்டால் ஓரிரு நாள் காய்ச்சலோ வலியோ வரலாம். கூலிக்காரருக்கு ஒரு நாள் வருமானமும் போகும். நம் கடைக்குக் கைக்குழந்தையோடும் வருகிறார்கள், கர்ப்பிணிகளும் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். புதன்கிழமை தடுப்பூசி நாள். கடைப் பையன்களும் சுமை தூக்குவோரும் பிள்ளைகளை அழைத்துச் செல்ல, அன்று சம்பளத்தோடு அரை நாள் விடுப்பு கொடுப்போம். அந்தச் செலவை நம் கடைக்கே செய்த செலவாக எழுதிக்கொள்ளலாம்.