டிவி முன்னால் மட்டும் எப்படி உட்காருகிறான்?

சென்ற வாரம் பேச்சு தாமதமாகும் குழந்தைகளைப் பார்த்தோம். இந்த வாரம், வகுப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளை.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு தாய், 7 வயது மகனோடு பஸ் ஏறிப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏ.டி.எச்.டி.யாக (கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு) இருக்கலாம் என்றதும், எல்லா வீட்டாரும் கேட்பதைத்தான் அவரும் கேட்பார்: “டிவி முன்னால மணிக்கணக்கா அசையாம இருக்காம்லா சார், அவனுக்கா கவனம் இல்லங்கிய?”

நியாயமான கேள்விதான். தாமிரபரணிக்காரர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். ஆற்றின் குறுக்கே 8 பழைய அணைக்கட்டுகள் இருக்கின்றன. ஆறு வற்றியதால் பயிர் காய்வது வேறு. ஆறு நிறைய ஓடியும் மதகு திறக்காமல் காய்வது வேறு. இவனிடம் கவனம் இருக்கிறது. வேண்டிய வயலுக்குத் திருப்பவும், போதுமென்றால் அடைக்கவும்தான் முடியவில்லை. டிவி நொடிக்கொரு தரம் மாறித் தானாக இழுத்துக்கொள்ளும். வாய்ப்பாடு இழுக்குமா?

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஏ.டி.எச்.டி.யைக் காட்டித்தராது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்க வேண்டும். 6 மாதமாவது நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் டீச்சர் நிரப்பித் தரும் படிவம் இல்லாமல் முடிவெடுப்பது அவசரம். காது, கண், தூக்கம், ரத்தசோகை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒருவகை வலிப்பும் கவனக்குறைவு போலவே தெரியும். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை யாரும் கூட்டிவருவதே இல்லை. அவளுக்கும் இதே கோளாறு இருக்கலாம்.

கோவையில் 4 பள்ளிகளில் 770 குழந்தைகளிடம் நடந்து, 2013-ல் வெளியான ஆய்வு 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. என்றது. உலகக் கணக்கு ஏறக்குறைய 5. படிவத்தை மட்டும் நம்பி எண்ணினால் கணக்கு ஏறத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

6 வயதுக்குக் கீழே என்றால் முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சி. “குளிச்சு, சாப்பிட்டு, பையை எடுத்துட்டு வா” என்று மூன்றைச் சேர்த்துச் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது, வீட்டுப்பாடத்தைப் பத்துப் பத்து நிமிடமாக உடைப்பது, செய்தவுடன் பாராட்டுவது. சாயங்காலம் பாராட்டினால் அவனுக்கு அது பழைய கதை. வளர்ந்த பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட் மருந்தும் சேரும். சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும், பசியைக் குறைக்கும். ஆகவே இட்லி முதலில், மாத்திரை பிறகு. எடையும் உயரமும் தவறாமல் பார்க்க வேண்டும். இந்த மருந்து 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருப்பதால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது.

இன்னொரு சங்கடம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு; ஏ.டி.எச்.டி. இல்லை. கூடவே கற்றல் குறைபாடும் இருக்கிறதா என்று தனியாகச் சோதித்தால்தான் அந்தச் சட்டத்தின் கீழ் சான்று கேட்க வழி பிறக்கும். அந்தச் சோதனையை அடுத்த வாரம் பார்க்கலாம்.