ஓட்டைக் குடம்

வெளியூரில் வாழும் நமக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் ஆராதனை வழிபாடு மட்டுமல்ல. நாலு பேரைப் பார்த்து நலம் விசாரிக்கும் இடமும் அதுதான். ஆராதனை முடிந்து தேநீருடன் நிற்கும்போது, வராதவர்களைப் பற்றிய பேச்சும் தானாக வந்துவிடும். அப்படி ஒரு நாள் நானும் சொன்னேன்: "பதவி உயர்ந்ததும் அவருக்கு ஆண்டவர் மறந்துபோய்விட்டார் போலிருக்கிறது!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்துத்தான் உண்மை தெரிந்தது. அவருக்கு வேலை போய்விட்டிருந்தது. நம் முகத்தில் விழிக்கக் கூசி வீட்டிலேயே இருந்திருக்கிறார். அவருடைய கஷ்ட காலத்தில் நான் செய்த உதவி, அந்தத் தீர்ப்பு ஒன்றுதான்.

மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் இயேசு துரும்பையும் உத்திரத்தையும் பற்றிப் பேசுகிறார். உத்திரம் என்பது கூரையைத் தாங்கும் பெரிய மரம். தச்சுத் தொழில் அறிந்தவர் சொன்ன உவமை அது. ஆனால் பிறர் கண்ணில் உள்ள துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. முதலில் உன் கண்ணைச் சரிசெய். பிறகு அவனுக்கு உதவப் பார்வை தெளியும் என்கிறார். தவறைத் தவறென்று சொல்லக் கூடாது என்பதல்ல இதன் பொருள். தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசி, ஒருவரைத் தள்ளிவைத்துவிடக் கூடாது என்பதே.

இதை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் துறவிகள் பலர் வாழ்ந்தார்கள். இன்று வாதி எல் நட்ரூன் எனப்படும் அப்பகுதியில் இப்போதும் மடங்கள் இருக்கின்றன. அங்கிருந்த மோசே என்ற துறவி, முன்பு கொள்ளைக்காரராக இருந்து மனந்திரும்பியவர்.

ஒருமுறை ஒரு சகோதரர் தவறு செய்துவிட்டார். விசாரிக்கச் சபை கூடியது. மோசே போகவில்லை. எல்லோரும் காத்திருப்பதாக ஆள் வந்து அழைத்த பிறகு, ஓட்டைக் குடம் ஒன்றில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் நீர் ஒழுகியது. இது என்னவென்று எதிரே வந்தவர்கள் கேட்டார்கள். தம்முடைய பாவங்களும் இப்படித்தான் தமக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, அவற்றைக் காணாமல் இன்னொருவரின் குற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருப்பதாகச் சொன்னார் மோசே. அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை. அந்தச் சகோதரரை மன்னித்துவிட்டார்கள்.

அன்று தேநீர்க் கோப்பையுடன் நின்ற என் பின்னாலும் குடம் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு அந்த நண்பரின் வீட்டுக்குப் போய், நான் பேசியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இரண்டு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ஆள் நீங்கள்தான்" என்றார். என்னைக் கடிந்துகொண்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்பர்களே, வரும் ஞாயிறு யாராவது வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று நமக்குள் பேசிக்கொள்ள வேண்டாம். மாலையில் அவர் வீட்டுக்கே போய்க் கேட்போம்.