விசா இலவசம்: வருமானம் யாருக்கு?

கொள்ளுப்பிட்டியில் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, ஆட்டோ ஓட்டும் என் பழைய மாணவர் கேட்டார்: "சேர், விசாவ ஃப்ரீயாக்கினா நாட்டுக்கு நட்டம்தானே?"

விசாக் கட்டணம் வாசலில் கிடைக்கும் சிறு தொகை. பயணி உள்ளே தங்கி, உண்டு, ஊர் சுற்றிச் செலவழிப்பதே பெருந்தொகை. இந்தக் கணக்கில்தான் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் 2019 ஆகஸ்டில் 48 நாட்டவருக்கும், 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்ட 7 நாட்டவருக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. 2023இல் சுமார் 14.9 இலட்சமாக இருந்த வருகை 2024இல் 20.5 இலட்சமாயிற்று. விசா மட்டுமே காரணமல்ல. 2022இன் எரிபொருள் வரிசைகள் மறைந்ததும் ஒரு காரணம்.

ஆனால் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. 2018இல் 23.3 இலட்சம் பேர் வந்தனர்; வருமானம் ஏறத்தாழ 4.4 பில்லியன் டொலர். 2024இல் வருகை அதில் பத்தில் ஒன்பது பங்கை நெருங்கியும், வருமானம் 3.2 பில்லியன் அளவில்தான் நின்றது.

சமூகக் கணக்கும் உண்டு. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெளிநாட்டவர் சிலர் "வெள்ளையருக்கு மட்டும்" என்று விருந்தொன்றை அறிவித்தனர். எதிர்ப்புக் கிளம்பவே அது கைவிடப்பட்டது. நாம் திறந்த வாசலுக்குள் நமக்கே கதவடைப்பு!

அவரிடம் சொன்னேன்: "வாசலத் திறக்கிறது நல்லம்தான். வந்தவர் யார்ட கடையில சாப்பிடுறார், யார்ட வண்டியில ஏறுறார் என்டு பாக்கிறதுதான் முக்கியம்."

அவர் சிரித்தார். "இண்டைக்கு எனக்கு ரெண்டு ஹயர்தான் சேர். ரெண்டும் நம்மட ஆக்கள்."