கை கால் வழங்காதபோது எங்கே போவது?

"பாதர், எங்கட விலாசம் இப்பவும் பழைய ஊர்தான். இங்கத்தைய ஆஸ்பத்திரியில எங்களை எடுப்பினமோ?"

நலன்புரி நிலையத்தை விட்டு வந்து, உறவினரின் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒரு தாய் சில வருடங்களுக்கு முன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய கணவர் தோட்டக்காரர். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் வழங்காமற் போயின. வைத்தியசாலையில் "தொடர்ந்து பயிற்சிக்கு வாருங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் இடம் மாறியதும் தொடர்பு அறுந்துவிட்டது. நான் கண்டபோது நான்கு மாதங்கள் கடந்திருந்தன. தோள்மூட்டு இறுகி, கையை உயர்த்தினால் நோவு தாங்காமல் அழுதார்.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில்: ஆம், எடுப்பார்கள். எமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சைக்குக் காப்புறுதி அட்டை தேவையில்லை. 'அக்ரஹார' காப்புறுதி அரச ஊழியருக்கு உரியது. அது இல்லாத கமக்காரருக்கும் அரசாங்க வைத்தியசாலையின் கதவு திறந்தே இருக்கிறது. எந்த மாவட்டத்து விலாசமாக இருந்தாலும் பரவாயில்லை.

இயன்மருத்துவம் என்றால் என்ன?

பிசியோதெரபி என்று நாம் சொல்வதுதான் இது. பயிற்சி, சூடு, கைப்பிடிச் சிகிச்சை முதலியவற்றால் மூட்டையும் தசையையும் மீண்டும் இயங்கச் செய்வது. பாரிசவாதம், எலும்பு முறிவு, முதுகு நோவு, அவயவம் இழந்த நிலை ஆகியவற்றுக்கு இது தேவை. எண்ணெய் தடவுவதால் நோவு சற்றுக் குறையலாம். ஆனால் அசையாமல் கிடக்கும் மூட்டு இறுகுவதை அது தடுக்காது.

எப்படிப் பெறுவது?

1. கிராமத்துச் சிறிய வைத்தியசாலைகளில் இயன்மருத்துவர் இருப்பது அரிது. போதனா வைத்தியசாலை, மாவட்டப் பொது வைத்தியசாலை, பெரிய ஆதார வைத்தியசாலை ஆகியவற்றில் விசாரியுங்கள்.

2. முதலில் வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரைக் காணுங்கள். அவர் எழுதித் தரும் துண்டுடன் இயன்மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

3. பழைய கிளினிக் கொப்பி, நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே படம் இருந்தால் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதற்காக நின்றுவிட வேண்டாம். நடந்ததை வாயால் சொல்லுங்கள்.

4. பஸ் காசுதான் பலருக்குப் பெரிய தடை. இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். கிளினிக் நாளிலேயே பயிற்சிக்கும் நேரம் கேளுங்கள். வீட்டில் செய்யவேண்டியதை உதவியாளருக்கும் காட்டித்தரச் சொல்லுங்கள்.

தனியாரிடம் போவதானால், அவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள். கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987ஆம் ஆண்டிலிருந்து செயற்கைக் கால் செய்து வருகிறது. சக்கர நாற்காலி, ஊன்றுகோல் ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

பாரிசவாதக்காரரை வழங்காத கையில் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம், தோள் கழன்றுவிடக்கூடும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். இல்லையேல் படுக்கைப் புண் வரும். முதுகு நோவுடன் கால் விறைத்து, சலம் போவது தடைப்பட்டால் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அந்தத் தோட்டக்காரர் பிறகு மாவட்ட வைத்தியசாலைக்குப் போய்வந்தார். கை முழுமையாகத் திரும்பவில்லை. ஆனால் ஊன்றுகோலுடன் கிணற்றடி வரை நடக்கிறார். மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறும்போது வரம்பில் நின்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நான்கு மாதம் முந்திப் போயிருந்தால் மண்வெட்டியையும் பிடித்திருப்பாரோ என்று அவருடைய மனைவி இன்றும் கேட்கிறார். உங்கள் அயலில் இப்படி ஒருவர் பாயில் கிடந்தால், இந்த வாரமே அவரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.